வெளியே இருப்பேன் என்றவர்

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்ததும் உலகம் குலைந்துவிடும் என்று அப்பா நம்பினார். அம்மா இறந்தபின் அவருக்கென்று எஞ்சியிருந்த நானும் நம்பினேன். ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டின் பின்புறம், எங்கள் இருவருக்காக, மண்ணுக்குள் ஓர் இரும்பு அறையைப் புதைத்தார். முதல் மழையிலேயே உள்ளே நீர் கசிந்தது.

ஒழுக்கை அடைக்க தொழிலாளர்கள் வாழும் ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒரு வெல்டர் வந்தார். ஒல்லியான உடல், முழங்கை வரை தீப்பொறி பட்ட தழும்புகள். இணைப்புகளில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டுக் காத்திருப்பார். சாக்பீஸ் பூச்சு ஈரம் ஊறிக் கருத்த இடத்தைச் சுத்தியலால் அடித்து, இடுக்கை மூடி நீரை நிறுத்திய பிறகே பற்றவைப்பார். ஓர் இணைப்பு முடிந்ததும் சுத்தியலால் சுவரைத் தட்டுவார். மேலே அமர்ந்திருக்கும் நான் பதிலுக்குத் தட்டினால்தான் அடுத்ததைத் தொடுவார்.

"புகையில மயங்கிட்டா இழுத்துப்போட ஆள் இருக்குதான்னு தெரியணும்மா."

வேலை முடிந்து மேலேறியவர் கதவைப் பார்த்து நின்றார். "இன்னா சார், உள்ள மட்டும் தாழ்ப்பா வச்சிக்கிறீங்க? வெளியேருந்து எப்படித் தொறக்கறது?"

"உலகமே அழிஞ்சப்புறம் வெளியே யாருப்பா இருப்பாங்க?" என்றார் அப்பா.

"நான் இருப்பேன் சார். எங்க ஏரியாவுல எல்லாரும் ஒரேடியா சாவ மாட்டோம். வந்து தட்டறேன்."

அப்பா கதவின் வெளிப்புறத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு, "சரி, வெளியேருந்து திறக்கறதுக்கும் ஒரு கைப்பிடி வச்சிடு," என்றார்.

புத்தாண்டு பிறந்தது, ஒன்றும் நேரவில்லை. முன்பின் அறியாத எங்களைத் தேடி வருவதாக அந்த மனிதர் ஏன் சொன்னார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. உறவினர் எவரும் எங்களிடம் அப்படிச் சொன்னதில்லை.

அப்பாவும் போய்விட்டார். வீட்டில் இப்போது நான் மட்டும் இருக்கிறேன்; அந்த வெளிக் கைப்பிடியைத் துருப்பிடிக்க விடுவதில்லை.