இரண்டு கை மட்டும்

நிர்மலா கூச்சப்படுகிறவள் என்று மலைமேல் எல்லோரும் சொல்வார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கூச்சமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அது பயம்.

திருத்தணி மலையில், மொட்டை மண்டபத்து வாசலில் என் தேங்காய்க் கடை. பக்கத்தில் சந்தனக் கிண்ணத்தோடு அவள். மொட்டை போட்டுக்கொண்டு வருகிற தலைகளுக்குச் சந்தனம் பூசுவாள். அழுகிற குழந்தை என்றால் தாடையை இடது கையில் ஏந்திக்கொண்டு, கத்தி பட்ட இடத்தை ஊதி ஊதிப் பூசுவாள். பெற்றவர்கள் போனைத் தூக்கினால் போதும், அவள் முகம் குழந்தையின் தலைக்குப் பின்னால் போய்விடும். எத்தனையோ வீட்டுப் படங்களில் அவள் இருக்கிறாள், வெறும் இரண்டு கையாக.

காரணம் எனக்கு மட்டும் தெரியும். அவள் இடது காது மடலைப் பிய்த்தவன் கட்டின புருஷன். கைக்குழந்தையோடு ஓடிப்போய் அரக்கோணத்தில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே ஒரு கல்யாண வீட்டில் யாரோ எடுத்த படத்தில் இவள் முகமும் விழுந்து, அது போன் போனாகச் சுற்றியது. நாலாம் நாள் அவன் வாசலில் வந்து நின்றான். பின்கதவு வழியாகத் தப்பித்தவள் இங்கே வந்து ஆறு வருஷம் ஆகிறது. மகள் இப்போது மூன்றாவது படிக்கிறாள்.

போன தை மாதம் சென்னையிலிருந்து முருகவேல், உதயா என்று ஒரு ஜோடி, மகன் அபிக்கு முதல் மொட்டை போட வந்தார்கள். ஒரு வயசுப் பிள்ளை, காலையிலிருந்து ஓயாத அழுகை. முருகவேல் கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி மாட்டியிருந்தார். மொட்டை முடிந்து வந்த பிள்ளையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். உதயாவின் கையில் துணிப்பை. நிர்மலா ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். யாரும் போன் தூக்கவில்லை.

பிள்ளையின் மூக்கில் ஒரு பொட்டுச் சந்தனம் வைத்தாள். அழுகை நின்றது. அவன் அதை வழித்து அவள் மூக்கில் தேய்த்தான். அவள் தலையைச் சாய்த்து வாய்விட்டுச் சிரித்தாள். அவனும் சிரித்தான்.

"எல்லாம் வந்துச்சாங்க?" என்று உதயா கணவரைக் கேட்டாள்.

"கண்ணாடியிலயே கேமரா இருக்கே, மொத்தமும் விழுந்திருக்கும். சாயங்காலம் நெட்ல போட்டுடலாம்," என்றார் பெருமையாக.

நிர்மலாவின் கை பிள்ளையின் தலையிலேயே நின்றுவிட்டது. கண்ணாடி ஓரத்தில் கடுகளவு வெள்ளை விளக்கு எரிவதை அப்போதுதான் நானும் பார்த்தேன். அந்த வெயிலில் அது யார் கண்ணுக்குத் தெரியும்?

எனக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னா சார் இது? போன்னா தூக்கும்போதே தெரியும். மூஞ்சில மாட்டிகினு வந்துட்டா நாங்க இன்னாத்த கண்டோம்?"

"எம் புள்ளையத்தானேம்மா எடுத்தேன்."

"இவளும் ஒருத்தி பெத்த புள்ளதான்."

நிர்மலா என் கையை அமுக்கினாள். தலைப்பை விலக்கிக் காதைக் காட்டினாள். "இத செஞ்சவன் என்னைத் தேடிகினு கீறான் தம்பி. நான் எங்க கீறேன்னு அவனுக்குத் தெரியக்கூடாது."

கண்ணாடியிலிருந்து போனுக்கு வந்திருந்த வீடியோவை முருகவேல் திறந்தார். விரல் தயங்கியது. அன்றைக்குப் பிள்ளை சிரித்தது அதில் மட்டும்தான். எனக்கே பாவமாக இருந்தது.

"அழிக்கறதுக்கு முன்ன நான் ஒருவாட்டி பாக்கட்டா?" என்றாள் நிர்மலா.

பார்த்தாள். மறுபடியும் போடச் சொல்லிப் பார்த்தாள். "அழிச்சிடு தம்பி."

அவள் கண்ணெதிரிலேயே போனிலும் அழித்தார், கண்ணாடியிலும் அழித்தார். பிறகு அதைக் கழற்றி உதயாவின் பையில் போட்டார்.

"என் கைய மட்டும் போன்ல எடுத்துக்கோ," என்று அவள் மறுபடி சந்தனம் தொட்டாள். இந்தமுறை பிள்ளை சிரிக்கவில்லை.

அவர்கள் போன பிறகு கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "நான் சிரிச்சா அப்படியாக்கா கீறேன்?"

"ஆங். எப்பவும் அப்படித்தான்," என்றேன்.

பொய். இந்த ஆறு வருஷத்தில் நானும் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.