கோட்டைக் கதவுக்கு எண்ணெய்

கோழியிறகை எண்ணெயில் நனைத்து, கோட்டைக் கதவின் துரு அடைத்த கீலுக்குள் நுழைத்து, குழந்தையின் காதுக்கு மருந்து விடுபவளைப் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுக்கிறாள். இடுப்பில் சாவி தொங்குகிறது. முழங்கை நீளச் சாவி.

"என்னக்கா, கதவுக்கு முழங்கால் வலியா?" மதில் வேலை செய்யும் கொத்தனார் சாரத்தின் மேலிருந்து கேட்கிறார்.

"உன் வாய்க்கு ஒரு நாளாவது வலி வருதா? நீ சுவத்தைப் பாரு."

ஊருக்கு அவள் சாவியக்கா. ஒரு காலத்தில் இரண்டு அரசுகளுக்கு நடுவே எல்லையில் இருந்த ஊர் இது. மதிலில் பாதி எப்போதோ சரிந்து, அதன் கற்கள் வீடுகளுக்குப் படியாகவும் அடுப்பாகவும் போய்விட்டன. கதவு மட்டும் அசையாமல் நிற்கிறது. காலையில் திறப்பதும் மாலையில் பூட்டுவதும் அவள் வேலை. பக்கத்திலேயே வண்டி நுழைகிற அளவுக்கு மதிலில் ஓட்டை. பூட்டிய பிறகும் ஆடும் மாடும் ஆட்களும் அந்த வழியாகத் தாராளமாகப் போய்வருவார்கள். அவள் அதைக் கண்டுகொள்வதில்லை. பூட்டை ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.

பெரிய கதவைத் திறந்து வருஷக்கணக்காகிறது. அவள் திறப்பது அதற்குள் இருக்கும் திட்டிவாசலை, அதாவது ஓர் ஆள் குனிந்து நுழையும் சின்னக் கதவை. தொல்லியல் துறையின் மேலதிகாரி வந்தபோதுகூடப் பெரிய கதவு அசையவில்லை. அவரும் குனிந்துதான் வந்தார்.

ஊரில் யாரிடமும் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசமாட்டாள். சுற்றிப் பார்க்கக் கூட்டம் வந்துவிட்டால் ஆளே மாறிவிடுவாள். "இந்த வருஷம் இவன் ராஜா, அடுத்த வருஷம் அவன் ராஜா. வரி கட்டினது மட்டும் எப்பவும் நாங்கதான்" என்பாள். பிறகு திட்டிவாசலைக் காட்டுவாள். "குதிரையில வந்தவன் இறங்கணும். இறங்கினவன் குனியணும். இந்தப் பக்கம் ஒருத்தன் வாளோட நிப்பான். அப்புறம் என்ன, தலை மட்டுந்தான் உள்ள வரும்!"

வினை அந்தக் கதையில்தான் வந்தது.

அவளுடைய தங்கை மதிலுக்கு வெளியே குடியிருக்கிற சலவைக்காரி. வெளுத்த துணியை மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்து, உள்ளே இருக்கும் விடுதிக்குக் கொண்டுவருவாள். போன கோடையில் ஒருநாள், மூட்டையை இடுப்புக்கு மாற்றிக் குனிந்தவள், அத்தனை பேர் முன்னால் வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டாள். கதை சூட்டில் இருந்த சாவியக்கா, "பாத்துக்கோங்க, எதிரி இப்படித்தான் மாட்டினான்!" என்று தங்கையின் தலைக்கு மேல் வாளை ஓங்கினாள். ஓங்கிய பிறகுதான் கையில் இருப்பது விளக்குமாறு என்று தெரிந்தது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

தங்கை மெல்ல நிமிர்ந்தாள். "நான் எதிரியாக்கா உனக்கு? இனிமே உன் முன்னாடி தலை குனிஞ்சா என்னை ஏன்னு கேளு."

அன்றிலிருந்து அவளுக்கு ஓட்டை வழிதான். தலையில் மூட்டையோடு விறைப்பாகப் போவாள். சாவியக்கா பார்க்காததுபோல் பார்ப்பாள். இன்றைக்குத் தங்கைக்கு இடுப்பு வலி உண்டா இல்லையா என்று நடையிலேயே தெரிந்துவிடும். பேச்சு கிடையாது. கண்ணில் படுகிறாளே, அது போதும் என்று இருந்தது.

இப்போது துறை மதிலைப் பழுதுபார்க்கிறது. ஓட்டை அடைபடுகிறது. விடுதிக்காரர்தான் வந்து சொன்னார். "உன் தங்கச்சி இனிமே வரமாட்டாளாம். மூட்டையோட வண்டிச் சாலை வழியா ஊரையே சுத்தி நடக்க முடியாது, வேற ஆளைப் பாத்துக்கோங்கன்னுட்டா. வெளுக்கப் போட்டதை மட்டும் சுவர் முடியறதுக்குள்ள குடுத்துடறாளாம்."

சாவியக்கா அன்றைக்கு எடுத்ததுதான் இந்தக் கோழியிறகு.

தங்கை வருவதற்குள் சுவர் முந்திக்கொண்டது. சுவர் முடிகிற அன்று காலையில் கொத்தனார் கடைசிக் கல்லைத் தட்டி உட்கார வைத்துக்கொண்டிருந்தபோது, திட்டிவாசலுக்கு வெளியே இரண்டு கால்கள் வந்து நின்றன. சோப்புத் தண்ணீரில் ஊறி வெளிறிய கால்கள். மேலே இருக்கும் மூட்டையும் முகமும் உள்ளே இருந்து தெரியாது. கால்கள் முன்னாலும் வரவில்லை, திரும்பவும் இல்லை.

சாவியக்கா எழுந்துபோய்த் திட்டிவாசலைப் படாரென்று சாத்தினாள்.

"மூடிட்டியா? மூடு, நல்லா மூடு!" வெளியிலிருந்து தங்கையின் குரல்.

"அக்கா, இது அநியாயம்க்கா," என்றார் கொத்தனார்.

"வாயை மூடிக்கிட்டு எறங்கி வா. வந்து இந்தக் கட்டையைப் புடி."

பெரிய கதவின் குறுக்குக் கட்டையை இருவருமாக உருவிக் கீழே போட்டார்கள். சாவியக்கா பெரிய பூட்டில் சாவியைத் திருகினாள். இரும்பு வளையத்தைப் பற்றி, காலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுத்தாள். கதவு முனகியது, தூசி கொட்டியது. எண்ணெய் குடித்த கீல் ஒருவழியாக மனம் இரங்கி, ஒரு பக்கக் கதவு தரையைத் தேய்த்துக்கொண்டு உள்ளே வந்தது. வெளிச்சம் முழுசாகத் தெருவில் விழுந்தது.

தலையில் மூட்டையோடு தங்கை நின்றாள். நிமிர்ந்தபடியே உள்ளே காலெடுத்து வைத்தாள்.

சாவியக்கா ஓரத்தில் கிடந்த கல்லை நகர்த்தி, கதவுக்கு அண்டை கொடுக்கக் குனிந்தாள். கல் சரியாக உட்கார்ந்துவிட்டது. தங்கை தன்னைத் தாண்டிப் போகும்வரை அவள் நிமிரவில்லை.