வராந்தாவில் ஏறிய ஏழுமலை

ஏழுமலை இறந்துபோன செய்தி எனக்கு ஆவடி பட்டாளத்து டெப்போவில் கிடைத்தது. லாரிக் கதவில் நம்பர் எழுதிக்கொண்டிருந்தேன். அவருடைய மச்சினன் சைக்கிளை வேலியோரம் சாய்த்துவிட்டு வந்து நின்றான். "அண்ணாத்தே, மாமா பூட்டாரு. காலையில சூளையாண்ட கல்லு தூக்கிகினு இருந்தாரு. மாரைப் புடிச்சிகினு குந்தினாரு, அவ்ளோதான்" என்றான். நம்பரில் பாதி எழுதியிருந்தேன். மேஸ்திரி விடமாட்டார் என்பதால் மீதியையும் எழுதி முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

அவரை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பூந்தமல்லிக்கும் சென்னீர்குப்பத்துக்கும் நடுவே வெள்ளைக்காரர்கள் கோல்ப் ஆடும் மைதானம் இருக்கிறதல்லவா, அங்கே இருபது வருஷம் துரைமாருக்குப் பை தூக்கினவர் ஏழுமலை. அந்த மைதானத்துக் கிளப்பில் போர்டு எழுதின பெயிண்டர் நான். கடைசி நான்கு வருஷம் அவர் வானகரம் செங்கல் சூளையில் கல் சுமந்தார். ஏன் சுமந்தார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆறின மனசோடு எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கருமாதிக்குக் கிளப்பின் தலைமை கிளார்க் ராகவலு வந்திருந்தார். வயிறாரச் சாப்பிட்டார். வெற்றிலையை மடித்துக்கொண்டே, "நல்ல மனுஷன்தான், வாயாலதான் கெட்டான். துரைமேல இல்லாததைச் சொன்னான் பாருங்க, அதுதான் பிசகு" என்றார். செத்தவன் வீட்டில் சாப்பிட்ட கை ஈரம் காய்வதற்குள் அவனையே பொய்யன் என்கிறாரே, இது என்ன ஜன்மம்! ஏழுமலையின் மனைவி கனகம்மா உள்ளேயிருந்து எழுந்து வந்தார். "எம் புருசன் பொய் சொல்லலைன்னு இங்க ஒருத்தனாச்சும் வாயைத் தொறந்து சொல்லுங்கப்பா. எனக்கு வேற ஒண்ணும் வோணாம்" என்றார். பந்தலில் நாற்பது பேர் இருந்தோம். ஒருவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அந்த ஆட்டத்தைப் பற்றித் துரைமார் பேசாத பெருமை கிடையாது. அவர்கள் சீமையில், கடலோர மணலில் ஆடு மேய்த்தவர்கள் கோலால் கல்லைத் தட்டித் தட்டி முயல் வளைக்குள் தள்ளியதில் தொடங்கியதாம். சிப்பாய்கள் வில் பழகாமல் இதையே ஆடுகிறார்கள் என்று ஒரு ராஜா தடைகூடப் போட்டாராம். மற்ற ஆட்டத்துக்கெல்லாம் நடுவர் உண்டு, இதற்குக் கிடையாது. பந்து முள்ளில் விழுந்தாலும் சேற்றில் விழுந்தாலும் கிடக்கிற இடத்திலிருந்தே அடிக்க வேண்டும். குறைந்த அடிகளில் பந்தைக் குழிகளில் போட்டு முடிப்பவன் ஜெயித்தவன். கை தவறி, கால் தவறிப் பந்து நகர்ந்தால், யாரும் பார்க்காவிட்டாலும் ஆடுகிறவனே ஓர் அடி கூட்டிச் சொல்லிவிட வேண்டும். 'இங்கே ஒவ்வொருவனும் தனக்குத் தானே நீதிபதி' என்று இங்கிலீஷில் பலகை எழுதி வராந்தாவில் மாட்டியதே நான்தான். எனக்கு இங்கிலீஷ் எழுத்து வரையத் தெரியும், பேச்சும் கொஞ்சம் பிடிபடும். பலகையின் அர்த்தத்தை ஏழுமலைதான் சொன்னார்.

அந்த மைதானம் முன்பு நம் ஊர்களின் மேய்ச்சல் புறம்போக்கு. அதை நினைவு வைத்துக்கொண்டு ஒருநாள் ஏழுமலை சொன்னார்: "ஆடு மேய்ச்சவன் கண்டுபுடிச்ச ஆட்டமாம் மச்சான். நம்மூர்ல ஆடு மேய்க்கிறவன் உள்ள வந்தா மட்டும் வாட்ச்மேனை உட்டுத் தொரத்துறானுங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனால் ஆட்டத்தைப் பழிக்கமாட்டார். ஆட்டம் வேறு, ஆடுகிறவன் வேறு என்பார்.

கோடையில் கொரட்டூர் ஏரி வற்றினதும், கனகம்மாவின் பிறந்த ஊர் அது என்பதால், லீவு நாளில் நாங்கள் அங்கே போய்விடுவோம். துரைமார் தூக்கிப்போட்ட கீறல் விழுந்த பந்து, துருப்பிடித்த ஒரே ஒரு கோல், ஏரி மண்ணில் தோண்டின குழிகள். தோற்ற கட்சி ஜெயித்தவர்களுக்கு ஒரு குலை நுங்கு வெட்டித் தரவேண்டும். ஒருமுறை நானும் ஏழுமலையும் ஒரு கட்சி. கடைசிக் குழி, ஜெயித்தாகிவிட்டது என்று நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டேன். அவர் கோலைப் பந்துக்குப் பின்னால் வைத்தவர் அப்படியே நிமிர்ந்தார். "கோல் பட்டு பந்து அசைஞ்சிடுச்சு. என் தலையில ஓர் அடி போட்டுக்குங்க" என்றார். எதிர்க்கட்சிக்காரர்களே திகைத்துவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, "இன்னா மாமே, பைத்தியமா நீ? எவன் பாத்தான்?" என்று கத்தினேன். "நான் பாத்துகினுதானே இருந்தேன்? என் கண்ணு கண்ணு இல்லியா?" என்றார். ஓர் அடியில் தோற்றோம். அவரே பனை ஏறி நுங்கு வெட்டிப் போட்டார், அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

இனி அந்தக் கோப்பை ஆட்டம். கிளப்பில் பெரிய துரை ஒருவர் இருந்தார். அவர் பெயரை இங்கே எழுதமாட்டேன், ஏற்கெனவே ஒரு தடவை எழுதிக் கெட்டது போதும். அவருக்கு ஏழுமலைதான் பை தூக்கினார். எதிரே ஆடியவர் ஒரு சின்னத் துரை. கடைசிக் குழிக்கு முன் பெரிய துரையின் பந்து கருவேலம் புதருக்குள் போனது. சின்னத் துரை மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தார். பெரிய துரை சுற்றிலும் பார்த்துவிட்டு, பூட்ஸ் நுனியால் பந்தை வெளியே தள்ளி, அங்கிருந்து அடித்தார். ஓர் அடி வித்தியாசத்தில் ஜெயித்தார். ஏழுமலையை அவர் ஒரு ஆளாகவே நினைக்கவில்லை. பையை வைக்கிற ஸ்டாண்டு என்று நினைத்துவிட்டார்.

ஆட்டம் முடிந்து துரைமாரும் கிளப் செக்ரட்டரியும் வராந்தாவுக்கு வந்தபோது, நான் அங்கே ஏணிமேல் நின்று, ஜெயித்தவர்கள் பெயர்ப் பலகைக்குப் புதுப் பொன் வர்ணம் பூசிக்கொண்டிருந்தேன். சின்னத் துரை, முள்ளுக்குள் போன பந்து எப்படி வெட்டவெளிக்கு வந்தது என்று கேட்டார். பெரிய துரை சிரித்து, "என் ஆளையே கேளுங்கள்" என்றார். படிக்குக் கீழே நின்ற ஏழுமலையிடம் ராகவலு தமிழில் கேட்டார். ஏழுமலை சொன்னது இது: "துரை பூட்ஸால தள்ளினாரு. ஓர் அடி சேத்துக்கச் சொல்லுங்க." ராகவலு இங்கிலீஷில் சொன்னது: "பந்து அங்கேதான் கிடந்ததாம், அவன் வேறொன்றும் பார்க்கவில்லையாம்."

இருபது வருஷம் துரைமார் பின்னால் நடந்தவருக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரியாதா? விறுவிறென்று படியேறி வராந்தாவுக்கு வந்தார். பையிலிருந்து ஒரு பந்தை எடுத்துத் தரையில் வைத்து, தன் வெறுங்காலால் மெல்லத் தள்ளிக் காட்டினார். பிறகு பெரிய துரையின் பூட்ஸைச் சுட்டினார்.

கிளப் செக்ரட்டரி அண்ணாந்து என்னைப் பார்த்தார். "பெயிண்டர், கிளார்க் கேட்டதற்கு இவன் தமிழில் என்ன பதில் சொன்னான்?" என்று கேட்டார். ஏழுமலையும் என்னைப் பார்த்தார். எனக்கும் அவருக்கும் நடுவே நாலு முழம்கூட இல்லை. "வேலையில் இருந்தேன் சார், காதில் விழவில்லை" என்றேன்.

அன்றே அவரை நிறுத்தினார்கள். என்ன குற்றம் எழுதினார்கள் தெரியுமா? பை தூக்குகிறவன் வராந்தாவில் ஏறினான் என்பது முதல் குற்றம், பொய் சொன்னான் என்பது இரண்டாவது. அட பாவிகளா! தனக்குத் தானே நீதிபதி என்ற பலகைக்கு அடியில் நின்றுகொண்டே இதை எழுதினார்கள். நூற்றுக்கணக்கான வருஷத்துச் சம்பிரதாயத்தை அந்த வராந்தாவில் அன்று காப்பாற்றினவர் ஒருவர்தான், அவரைத்தான் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். அம்பத்தூர்வரை எந்தத் துரை வீட்டிலும் தோட்ட வேலைகூட அவருக்குக் கிடைக்கவில்லை. பொய்யன் என்ற பேச்சு அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும்.

மறுவாரம் பெரிய துரையின் பெயரை அதே பலகையில் பொன் எழுத்தில் எழுதினேன். சில நாள் கழித்துச் சென்னீர்குப்பம் டீக்கடையில் ஏழுமலையைப் பார்த்தேன். திட்டுவார் என்று நினைத்தேன், அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். "பேரு எழுதிட்டியா மச்சான்?" என்றார். எழுதிவிட்டேன் என்றேன். "எழுத்து நல்லா வந்துச்சா?" என்று கேட்டார், அவ்வளவுதான். எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

ராகவலு அவர்களே, உங்கள்மேல் எனக்கு இருக்கும் கோபத்தை இந்தக் காகிதம் தாங்காது. ஆனால் நீங்கள் மாற்றிச் சொன்னதைத் திருத்த அங்கே ஒருவன் ஏணிமேல் இருந்தான். அவன் வாயைத் திறந்திருந்தால் உங்கள் இங்கிலீஷ் அன்றைக்கே நாறிப்போயிருக்கும்.

இது அச்சாகி வந்ததும் கனகம்மா வீட்டு வாசலில், தெருவே கேட்க நானே வாசிப்பேன். ஏழுமலையிடமிருந்து என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. அந்தத் துருப்பிடித்த கோல்கூட இல்லை. கொரட்டூர் ஏரியில் அவர் கேட்ட கேள்வி மட்டும் இருக்கிறது. அதற்கு இப்போது பதில் சொல்கிறேன். உன் கண்ணு கண்ணுதான், மாமே. என் காதும் காதுதான். நீ சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேட்டது. ஊராரே, என் தலையில் ஓர் அடி போட்டுக்கொள்ளுங்கள்.