மூன்று அட்டை மாத்திரை

வெள்ளகோவிலுக்குத் தெற்கே உள்ள கொப்பரைக் களத்தில் சென்னியம்மாளுக்குப் பதினாறு வருஷ வேலை. தேங்காயை உடைத்துக் காயப்போடுவாள். காய்ந்ததும் கொட்டாங்குச்சித் தொட்டியிலிருந்து பருப்பை நோண்டி எடுப்பாள். அரைகுறை வேலை அவளுக்கு ஆகாது. மற்றவர்கள் ஈரப் பருப்பையும் சேர்த்துக் குவித்துவிட்டு டீக்குப் போய்விடுவார்கள். அவள் ஒவ்வொன்றையும் ஒடித்துப் பார்த்த பிறகுதான் எழுவாள்.

அந்தக் குணம்தான் மாசி மாதத்தில் அவளை வம்பில் மாட்டிவிட்டது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய டாக்டர் ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஐந்தாம் நாள் வலி நின்றது. ஆனாலும் உள்ளே முழுக்க ஆறியிருக்குமா என்று அவளுக்குச் சந்தேகம். காலி அட்டையை மருந்துக் கடையில் நீட்டி, "இதேதானுங்க, இன்னொண்ணு" என்றாள். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். அது தீர்ந்ததும் மூன்றாவது அட்டை. பதினைந்து நாள், ஒரு வேளை தவறவில்லை.

அந்தச் சமயத்தில்தான் புருஷன் கந்தப்பன் வந்திருந்தான். போர்வெல் துளை போடும் ரிக் வண்டியில் வேலை. மத்தியப் பிரதேசத்தில் ஆறு மாதம் இருந்தால் வீட்டில் பன்னிரண்டு நாள். ஞாயிற்றுக்கிழமை ரயிலேறினான். புதன்கிழமை அவளுக்கு அரிப்பு ஆரம்பித்தது.

வெளியில் காட்ட முடியாத இடம். உட்கார்ந்தால் எரிந்தது, ஒண்ணுக்குப் போனால் அதைவிட எரிந்தது. திரிந்த பால் மாதிரி வெள்ளை பட்டது, நாற்றம் இல்லை. நாளெல்லாம் களத்து வெயிலில் குந்தியிருக்கிறோம், சூடு பிடித்திருக்கும் என்று நினைத்தாள். வெந்தயம் ஊறவைத்துக் குடித்தாள். உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைத்தாள். காயம் கழுவுகிற மருந்தை வெந்நீரில் கலந்து இரண்டு வேளையும் கழுவினாள். கழுவக் கழுவ எரிச்சல் ஏறியதே தவிர இறங்கவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து நோண்டும் பாப்பாயி கவனித்துவிட்டாள்.

"என்னக்கா, எறும்புப் புத்துல உக்காந்தவளாட்ட நெளியற?"

"சூடு புள்ள."

"இருக்காதா பின்ன? மாமன் பன்னண்டு நாளு இருந்துபோட்டில்ல போயிருக்காங்க!"

களமே சிரித்தது. சென்னியம்மாளும் சிரித்தாள். பாப்பாயி அதோடு விட்டிருக்கலாம்.

"சொல்றன்னு கோவிச்சுக்காதக்கா. எங்க பெரியம்மா மருமகளுக்கும் இப்படித்தான். ரிக்குக்குப் போறவனுக ஊருக்கு வாறப்போ சம்பளத்த மட்டுமா கொண்டாறானுக?"

கையிலிருந்த தேங்காய் அப்படியே நின்றது. ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். கணக்குச் சரியாக இருந்தது.

கந்தப்பன் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் செய்வான். நாலு நாள் எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் எடுத்தாள்.

"என்ன புள்ள, மேலுக்குச் சொகமில்லயா?"

"அங்கிருந்து என்னத்தக் கொண்டாந்து எனக்குக் குடுத்துப்போட்டுப் போனீங்க?"

"என்ன சொல்ற? எனக்கொண்ணும் வெளங்கல."

"எவகிட்டப் போனீங்களோ அவகிட்டயே இருந்துக்குங்க. இந்த ஊட்டுப் படி ஏறோண்டாம்."

வைத்துவிட்டாள். அவன் திரும்பக் கூப்பிடவில்லை. அன்றும் இல்லை, அடுத்த மூன்று நாளும் இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அண்ணன்மார் இரண்டு பேரையும் கூட்டி வைத்துப் பேசி உறவை முடித்துவிடுவது என்று தீர்மானித்தாள். அதற்கு முன் கையில் ஒரு டாக்டர் சீட்டு வேண்டும். உள்ளூரில் காட்டினால் ஊரே பேசும். கோயமுத்தூர் பஸ் ஏறி, ஆர்.எஸ்.புரத்தில் ஒரு லேடி டாக்டரைக் கண்டுபிடித்தாள். பெயர் ஷ்ரவ்யா. சின்ன வயசு.

"எதுன்னாலும் ஒளிக்காம சீட்டுல எழுதிக் குடுத்துருங்க அம்மணி. எங்க அண்ணன்மாருகிட்டக் காட்டோணும்."

டாக்டர் பரிசோதித்தாள். பஞ்சுக் குச்சியில் தொட்டெடுத்து லேபுக்கு அனுப்பினாள். ரத்தத்தில் சர்க்கரையும் பார்க்கச் சொன்னாள். ஒன்றரை மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டாள்.

"சமீபத்துல ஏதாச்சும் மாத்திரை சாப்பிட்டீங்களாங்க?"

"பல்லுக்குத்தானுங்க. அஞ்சு நாளைக்குக் குடுத்தாங்க. நானா வாங்கிப் பதினஞ்சு நாள் போட்டேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "சர்க்கரை சரியா இருக்கு. இது காளான் கிருமிங்க. நம்ம உடம்புலயே கொஞ்சம் எப்பவும் இருக்கும். அதை அடக்கி வைக்கிற நல்ல கிருமிகளும் அங்கேயே இருக்கும். நீங்க போட்ட மாத்திரை அந்த நல்லதையும் சேத்துக் கொன்னுருச்சு. அடக்க ஆளில்லைன்னதும் இது பெருகிருச்சு. அந்த மருந்துத் தண்ணி புண்ணாவும் ஆக்கிருச்சு."

"அப்ப இது அவரு... ஊட்டுக்காரரு கொண்டாந்ததில்லீங்களா?"

"இல்லீங்க. ஆம்பளைகிட்ட இருந்து தொத்துற நோய்ங்கிற கணக்குலயே இது வராது. அந்த நோய்களுக்கும் பாத்துட்டேன், ஒண்ணும் இல்ல."

உள்ளே வைக்கிற மாத்திரை ஆறு நாளைக்குக் கொடுத்தாள். இனிமேல் வெறும் தண்ணீரில்தான் கழுவ வேண்டும், பருத்தி உள்ளாடைதான் போட வேண்டும், கேட்காமல் எந்த அட்டையும் வாங்கக் கூடாது என்றாள். சென்னியம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எழுந்து வெளியே வந்த பிறகுதான் சீட்டு வாங்க மறந்தது தெரிந்தது. திரும்பிப் போகவில்லை.

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் தூண் ஓரமாக நின்று போன் செய்தாள். இரண்டு தடவை மணியடித்து நின்றது. மூன்றாவது தடவை எடுத்தான். பின்னால் ரிக் சத்தம். தள்ளிப் போய் நின்றான் போல, சத்தம் குறைந்தது.

"ஏனுங்க, நாந்தான். பல்லுக்குத் தின்ன மாத்திரைனால வந்துச்சாமுங்க. உங்க மேல ஒண்ணுமில்லீங்க. தப்பாப் பேசிப்போட்டேன்."



"முந்தாநேத்து எழுவது கிலோமீட்டர் போயி ரத்தம் குடுத்து டெஸ்ட் எடுத்தேன்" என்றான் கந்தப்பன். "ஒண்ணுமில்லைன்னு சீட்டு வாங்கி வெச்சிருக்கேன். உங்க அண்ணன்மாரு கேட்டாக் காட்டறக்கு."

"அத்தக் கிழிச்சுப் போட்டுருங்க" என்றாள்.

"கிழிக்க மாட்டேன். எங்கூட இருபது வருஷம் இருந்துபோட்டு, என்னைய ஒரு வார்த்தை கேக்கலையே நீ."

"கேக்கலீங்க."

கண்டக்டர் காங்கேயம், வெள்ளகோவில், கரூர் என்று கத்தினார். பஸ் புறப்பட்டது. அவள் நகரவில்லை.

"எரிச்சல் இப்ப எப்படி இருக்குது?" என்றான். குரலில் கோபம் அப்படியேதான் இருந்தது.

"இருக்குதுங்க."

"உக்காந்து போறதுக்கு எடம் இருக்கற பஸ்ஸாப் பாத்து ஏறு. போனை வெக்காத."