தத்தெடுக்கும் உடம்பு

“…அதத்தான் அண்ணி நானும் கேக்குறேன். ஏற்கெனவே ஒரு அம்மா இல்லாம போன புள்ள அது. ரெண்டாவதா வர்ற அம்மாவும் பாதியில போய்ட்டா, அது இன்னா பண்ணும்?”

மருத்துவமனை நடைக்கூடத்தில், ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்தபோது வளர்மதி இப்படிக் கேட்டாள். என் கணவரின் தங்கை. எங்கள் தெருவிலேயே இருப்பவள். ஒல்லியான உடம்பு, ஒளிவில்லாத வாய். எனக்குத் துணையாக எத்தனையோ முறை வந்திருக்கிறாள். ஆனால் ஊசியைக் கண்டால் கதவுக்கு வெளியே ஓடிவிடுவாள். தனக்கென்று ஒருமுறைகூடப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்ததில்லை.

அங்கே எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என்னைப் போலக் கனத்த உடம்போடு, ஒரு பிள்ளைக்காக மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் யாருக்காவது உதவலாம்.

செஞ்சி கடைத்தெருவில் எங்களுக்கு வளையல் கடை. படிப்பு பாதியில் நின்றுபோனவள் நான். கடைக்கு வருகிறவர்கள் பேச்சுதான் என் பாடம். என் உடம்பைப் பற்றியும் நிறையக் கேட்டிருக்கிறேன். மேல்சித்தாமூரிலிருந்து வரும் ஓர் அம்மா, “கடை நெறைய வளையல் வெச்சிருக்க, உன் கைக்கு ஒண்ணு இல்லியே” என்பார். “கோட்டைய ஒரு தபா ஏறி எறங்கு, எல்லாம் கரைஞ்சிடும்” என்பார்கள், கோட்டையை ஒருமுறையும் ஏறிப் பார்க்காதவர்கள். நானும் சிரித்துவிட்டு வளையலை எடுத்துப் போடுவேன்.

எனக்குத் தைராய்டு குறைபாடு (கழுத்துச் சுரப்பி மந்தமாக வேலை செய்வது) உண்டு. பிறகு சர்க்கரையும் சேர்ந்தது. குழந்தை தங்கவில்லை. தத்தெடுப்பது என்று நானும் என் கணவர் செல்வமும் முடிவு செய்தோம். எங்கள் மனுவைக் கவனித்த சமூகப் பணியாளர் போனில் சொன்னார்: “எடைக்குன்னு தனியா அளவு எதுவும் இல்லம்மா. உயிருக்கு ஆபத்தான வியாதி இல்லன்னு டாக்டர் எழுதித் தரணும். அப்புறம் நாங்க வீட்டுக்கு வந்து பாப்போம். அவ்ளோதான்.”

அந்த ‘அவ்ளோதான்’ என்னைத் தூங்கவிடவில்லை.

வீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றதும் சுவருக்கு வெள்ளையடித்தோம். உடம்புக்கும் அதையே செய்தேன். எங்கள் பக்கம் பலரும் செய்கிற வேலைதான் இது: சர்க்கரை பார்க்கப் போகுமுன் ஒரு வாரம் வாயைக் கட்டுவது, பாகற்காய்ச் சாறு குடிப்பது, நல்ல எண்ணோடு திரும்பி வந்து அன்றைக்கே இனிப்பு வாங்குவது. நான் ஒருபடி மேலே போனேன். சோற்றை அறவே நிறுத்தினேன். சர்க்கரை மாத்திரையை மட்டும் விடாமல் போட்டேன்.

ஒரு முற்பகல், கல்யாண வீட்டார் வளையல் பார்த்துக்கொண்டிருந்தபோது என் கை நடுங்கத் தொடங்கியது. முதுகெல்லாம் வியர்வை. பச்சை எது, சிவப்பு எது என்று தெரியவில்லை. கண்ணாடி நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. விழுந்தது நான்தான் என்பது பிறகுதான் புரிந்தது.

தாழ்சர்க்கரை (ரத்தத்தில் சர்க்கரை அளவுக்குக் கீழே இறங்கிவிடுவது) என்றார்கள். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

“சாப்பிடாம மாத்திரை போட்டீங்களா?” என்று டாக்டர் அம்மா கேட்டார்.

“ஆமாங்க.”

“எதுக்கு?”

“சர்டிபிகேட்டுக்கு.”

அவர் திட்டவில்லை. அது இன்னும் கூச்சமாக இருந்தது. “எனக்கு உங்க ஒரு வார ரத்தம் வேணாம்மா. நேரத்துக்குச் சாப்பிட்டு மூணு மாசம் கழிச்சு வாங்க. அப்ப எடுக்கிற டெஸ்ட்ல நடிக்க முடியாது” என்றார். அவர் சொன்னது சராசரிச் சர்க்கரைப் பரிசோதனை (சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைக் கொண்டு, கடந்த சில மாதங்களின் நிலையைக் காட்டுவது).

வீட்டுக்கு வந்ததும் செல்வம் பொருமினார். “பெத்துக்கறவங்களுக்கு எவனாவது தராசு வெக்கிறானா? குடிச்சிட்டு ரோட்டுல கெடக்கிறவன்கிட்ட யாரு டாக்டர் சீட்டு கேட்டாங்க?”

நியாயமான கோபம். நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். ஆனால் கடையில் பெருக்கி அள்ளிய கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தபோது வேறொன்று தோன்றியது. நான் விழுந்த நேரத்தில் என் இடுப்பில் ஒரு குழந்தை இருந்திருந்தால்? என் பருமனைப் பார்த்து ஒருவர் பிள்ளை தர மறுத்தால் இன்றும் சண்டை போடுவேன். என் நோயை நான் எப்படிப் பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டால் சண்டை போட முடியாது. அது அந்தக் குழந்தை கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு வாய் இல்லாததால் வேறு யாரோ கேட்கிறார்கள்.

காலையில் செட்டிகுளம் வரை நடந்தேன். பசித்தாலும் பசிக்காவிட்டாலும் நேரத்துக்குச் சாப்பிட்டேன். எடை கொஞ்சம்தான் இறங்கியது. பயம் இறங்கவே இல்லை. ஒரு வாய் கூடுதலாகத் தின்றால்கூட ரத்தம் அதைக் குறித்து வைத்துக்கொள்ளும் என்று தோன்றும். கடையில் குழந்தை வளையல்களை அளவு வாரியாக அடுக்குவேன். இந்தச் சின்னது அதன் கைக்குச் சேரும்போது நான் எப்படி இருப்பேன்? அடுத்த அளவுக்கு அது வளரும்போது? அந்தப் பெரிய அளவு வரும்போது இருப்பேனா? முன்பெல்லாம் காலம் என்றால் எனக்குக் காத்திருப்பு மட்டும்தான். இப்போது அது என் உடம்புக்குள் ஓடுகிறது. உடம்பும் எனக்கு மட்டும் சொந்தமானதாகத் தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்து, நாங்கள் மூவரும் மருத்துவமனைக்கு அப்படி வந்து சேர்ந்த நாளில்தான் வளர்மதி நடைக்கூடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டாள். செல்வம் அவளை முறைத்தார். “நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல வாயப் பாரு.”

உள்ளே கூப்பிட்டார்கள். மூவரும் போனோம்.

“கட்டுக்குள்ள வந்திருக்கு. எழுதித் தரேன்” என்றார் டாக்டர். “எடை இன்னும் கொறையணும். ஆனா எடைக்காகப் புள்ள குடுக்காதீங்கன்னு நான் எழுத மாட்டேன். சக்கரை எப்ப வேணாலும் ஏறலாம், அத மறக்காதீங்க. இன்னொண்ணு. வீட்டுக்கு வர்றவங்க கேப்பாங்க: உங்க ரெண்டு பேருக்கும் ஏதாவது ஆச்சுன்னா, புள்ளைய யாரு பாத்துப்பாங்க?”

நாங்கள் யாரையும் கேட்டு வைத்திருக்கவில்லை. பிள்ளை வருமுன் சாவைப் பேசக் கூடாது என்று எங்கள் வீட்டில் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. எடுத்தவள் ஒருத்திதான்.

கதவோரம் நின்றிருந்த வளர்மதி உள்ளே வந்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு டாக்டர் எதிரில் உட்கார்ந்து, “அப்ப எனக்கும் டெஸ்ட் எடுத்துடுங்க” என்றாள். என் கடை வளையல்களை முழங்கைவரை ஏற்றிவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஊசிக்காகக் கையை நீட்டினாள்.