வீட்டில் தண்ணீர் இருந்தது

கண்டி புகையிரத நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் வின்சன்ட் கிளாக்கராக இருந்தார். மழையில் நனைந்து நாறும் கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து நிம்மதியாகச் சோறு தின்கிற மனிதர். அவருக்குக் குமட்டியதெல்லாம் வீட்டுக்குள்தான், அக்கா அந்தோனியம்மா தேன் ஒழுகப் பேசும்போது.

1931ஆம் ஆண்டு அடைமழையில் அவர் மனைவி மரியாயிக்கு ஆண் குழந்தை பிறந்தது. நீலம் பாரித்து, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. தாங்காது என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். அப்படிப்பட்ட பிள்ளைக்குச் சாமியாரை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். கத்தோலிக்க வேதக்காரர் வீட்டில் இது தெரியாதவர் கிடையாது. ஆனால் கெலிஓயாவில் கடை வைத்திருந்த சுவக்கின் முதலாளி ஞானஸ்நானத்தில் பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நிற்கச் சம்மதித்திருந்தார். அவர் வருமுன் ஊற்றினால் மனத்தாங்கலாகிவிடும், பெரிய இடத்து உறவைக் கெடுத்துக்கொள்ளாதே என்று சொல்லி, அந்தோனியம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டாள். வின்சன்ட் பஸ் ஏறிக் கெலிஓயாவுக்கு ஓடினார். முதலாளி சவரம் செய்து, கோட்டை இஸ்திரி போடச் சொல்லி அணிந்து, கேக் பெட்டியோடு கண்டியில் வந்து இறங்கியபோது பிள்ளை செத்திருந்தது.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கோவில் கல்லறைத் தோட்டமான சேமக்காலைக்குள் இடமில்லை. மதிலுக்கு வெளியே புதைத்தார்கள். புதைத்துவிட்டுத் திரும்பியபோது முதலாளி கதிரையில் கால்மேல் கால் போட்டு, தாம் கொண்டுவந்த கேக்கைத் தாமே தின்றுகொண்டிருந்தார். மீசையில் சீனிப்பூச்சு ஒட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் விட்டிருந்த மகள் டொரதியை அழைத்துவந்து, சம்மனசுகள் சிறகடித்து வந்து தம்பியை மோட்சத்துக்குத் தூக்கிப் போய்விட்டதாக அந்தோனியம்மா கதை சொன்னாள். முதலாளி தலையாட்டினார். வின்சன்ட் கொல்லைக்குப் போய் வாந்தியெடுத்தார்.

டொரதி புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் வயதை எட்டினாள். ஞானோபதேச வகுப்பில், சாகக் கிடக்கும் பிள்ளைக்கு யாரும் தண்ணீர் ஊற்றலாம் என்று படித்துவிட்டு வந்த நாளிலிருந்து அவள் தாயை அண்டவில்லை. தலைவாரக் கூப்பிட்டால் விலகிப் போனாள். பெற்றவள்தானே பக்கத்தில் கிடந்தாள், அவள் ஊற்றியிருக்கலாமே என்பது குழந்தையின் கணக்கு. மரியாயி சீப்பை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

ஒரு நாள் டொரதி அத்தையிடமே கேட்டுவிட்டாள்.

"அன்னைக்கு வீட்டுல சொட்டுத் தண்ணி இல்ல கண்ணு. குழாய் நின்னு போச்சு."

இறவாரத்து மழைநீரில் குடமும் வாளியும் நிரம்பி வழிந்த நாள் அது. கேட்டுக்கொண்டிருந்த வின்சன்ட்டுக்குத் தொண்டைவரை புளித்தது. ஆனால் அவரும் மறுத்துப் பேசவில்லை. அந்தப் பொய் தமக்கும் வசதியாக இருப்பதை நினைத்தபோதுதான் அதிகமாகக் குமட்டியது. பொய்யால் டொரதியின் மனம் மாறவுமில்லை. தாயைக் கண்டால் முன்போலவே முகத்தைத் திருப்பினாள்.

கல்லறைத் திருநாள் வந்தது. எல்லாரும் சேமக்காலைக்குப் போனார்கள். மரியாயி சேமக்காலை வாசற்கதவோடு நின்றுவிட்டாள். டொரதி மெழுகுதிரியோடு கல்லறை கல்லறையாகப் பேர் வாசித்துப் பார்த்துவிட்டுத் தகப்பனிடம் வந்தாள்.

"தம்பிய எங்கேயும் காணோம்ப்பா."

"சம்மனசுக்குக் கல்லறை எதுக்குடி?" என்று சிரித்தாள் அந்தோனியம்மா.

"நான் அப்பாகிட்ட கேட்டேன்."

வின்சன்ட் அவளைக் கைப்பிடித்து மதிலுக்கு வெளியே கூட்டிப் போனார். உள்ளே சுத்தம் செய்தவர்கள் பழைய மலர்வளையங்களை அங்கேதான் வீசுவார்கள். அழுகி, கறுத்த நீர் வடிய, ஈ மொய்க்கக் குவிந்து கிடந்தன. அந்தக் குவியலின் ஓரத்தைக் காட்டி, இங்கேதான் என்றார்.

"தண்ணி இல்லாததுனாலயா?"

"தண்ணி இருந்துச்சு. முதலாளி வரட்டும்னு நிறுத்தி வச்சோம். நான்தான் அவரைக் கூப்பிடப் போனேன்."

"அம்மா?"

"ஊத்துங்க ஊத்துங்கன்னு உங்கம்மா கத்துனா. எந்திரிக்க முடியாமக் கிடந்தா. நாங்க காதுல போட்டுக்கல."

பின்னாலேயே வந்துவிட்ட அந்தோனியம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "பச்சப் புள்ளகிட்ட பேசுற பேச்சா இது? ஆத்தா மேல உள்ள கோவம் நாள்பட ஆறிடும். உன் மானத்த நீயே ஏன்டா கப்பலேத்துற?"

காறித் துப்ப வேண்டும்போல் அவருக்கு வாய்வரை வந்தது. பிள்ளை கிடக்கிற இடம். விழுங்கிக்கொண்டார்.

டொரதி அவர் பிடியிலிருந்து கையை உருவினாள். அவரையும் பார்க்கவில்லை, அத்தையையும் பார்க்கவில்லை. மதிலைச் சுற்றி வாசல் பக்கம் ஓடினாள். சற்றுக் கழித்து அவள் வீறிட்டு அழுவது கேட்டது. கூடவே மரியாயி அழுவதும்.

"இப்ப திருப்திதானே? இனி உன்னை அப்பான்னு மதிப்பாளா?" என்றாள் அந்தோனியம்மா.

"யார் மேல கோவப்படணும்னு இப்ப அவளுக்குத் தெரியும்க்கா," என்றார் வின்சன்ட். பிறகு குனிந்து, அந்த மலர்வளையங்களை இரண்டு கையாலும் அள்ளி அப்பால் போடத் தொடங்கினார். சளிபோல் விரலில் ஒட்டியது.