டாக்டருக்குத் தெரியாமல் திருத்திய சீட்டு

இந்த ஊரில் டாக்டருடைய தப்பை எடுத்துச் சொன்னால் அவர் நன்றி சொல்கிறார். முதல் தடவை கேட்டபோது டெலிபோனில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். நம்மூர்க்காரர்கள் நம்பமாட்டீர்கள். பட்டம் வாங்கி, அரியலூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நாலு வருஷம் மருந்து கலக்கியவன் நான். யுத்தம் முடிந்ததும் மேல்பயிற்சிக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறினேன். ஒரு வருஷம் ஆஸ்பத்திரியிலேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, மருந்தறையில் வேலை பழக வேண்டும். ரெசிடென்ஸி என்று இதற்குக் கௌரவமான பெயர். சிறைவாசத்துக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், முடிவில் சர்ட்டிபிகேட் உண்டு.

பெரம்பலூரிலிருந்து, பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடிய பஸ்ஸில் புகை குடித்துக்கொண்டு போய் அரியலூரில் சேர்ந்த முதல் வாரமே எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. பெரிய டாக்டர் கைராசிக்காரர். அளவு எழுதுவதில் மட்டும் கொஞ்சம் தாராளம். அதை அவரிடம் போய்ச் சொல்ல யாருக்குத் தைரியம்? சீட்டை வாங்கி, சத்தமில்லாமல் அளவைக் குறைத்துக் கலந்து, பாட்டிலைக் கொடுத்துவிடுவேன். டாக்டருக்கு மரியாதை, நோயாளிக்கு உயிர், எனக்கு உத்தியோகம், எல்லாம் பத்திரம். பாடாலூர் விவசாயி ஒருவர் ஜன்னலுக்குள் தலையை நீட்டி, "டாக்டரய்யா எழுதுனத வுடுங்க. நீங்க வழக்கமா குடுக்கறதக் குடுங்க" என்பார். எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

அதே பெருமையோடு இங்கேயும் செய்தேன். கக்குவான் இருமல் வந்த குழந்தைக்கு பெல்லடோனா, அளவு மீறினால் விஷம். துளிக் கணக்கில் எழுத வேண்டியதை இளம் டாக்டர் டிராம் கணக்கில் எழுதிவிட்டார். ஒரு டிராம் அறுபது துளி. நான் சரியான அளவில் கலந்து வார்டுக்கு அனுப்பிவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருந்தேன். தலைமை மருந்தாளர் மிஸ் பார்லோ சீட்டையும் என் குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"டாக்டருக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம். அவர் மனம் நோகக் கூடாதல்லவா?"

"நாளைக்கும் அவர் இதையே எழுதுவார். நாளைக்கு உங்களுக்கு லீவு. குழந்தையை யார் பார்த்துக்கொள்வது?"

இன்னொரு முறை இப்படி நடந்தால் சர்ட்டிபிகேட் கிடையாது என்று சொல்லி, டெலிபோனைக் காட்டினார். நான் குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தேன். டாக்டரிடம் காலில் செருப்போடு பேசிப் பழக்கமில்லை. "காலில் வலியா?" என்றார் அந்த அம்மாள், உண்மையான கவலையோடு. ஆமாம் என்று சொல்லிவைத்துவிட்டு, ஷூவோடேயே டாக்டரைக் கூப்பிட்டுத் தப்பைச் சொன்னேன்; அவர் நன்றி சொன்னார். மறுநாள் எனக்கு ஒரு களிம்பு வந்து சேர்ந்தது.

வலிக்காத காலில் அதைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் மிஸ் பார்லோவின் கேள்வி எனக்கு உறைத்தது. அரியலூர் ஜன்னலில் எனக்குப் பதிலாக வந்திருப்பவர், சீட்டில் உள்ளதை இம்மி பிசகாமல் கொடுக்கிற யோக்கியர். நாலு வருஷம் நான் மூடி மறைத்ததில், டாக்டருக்குத் தாம் எழுதுவது சரி என்றே நம்பிக்கை. அந்தப் பாடாலூர்க்காரரை நினைத்துப் பயந்துபோனேன். திருத்திய மருந்துகளையெல்லாம் பட்டியல் போட்டு, அன்றைக்கே டாக்டருக்கு ஆகாயத் தபாலில் அனுப்பினேன்.

பதில் வந்தது. "சீமைக்குப் போனதும் உமக்கு வாய் நீண்டுவிட்டது. இனி இந்த வாசலை மிதிக்க வேண்டாம்." அடுத்த வாரம் புதிய கம்பவுண்டரிடமிருந்தும் ஒரு கடிதம். "உங்க பட்டியல ஜன்னலுக்கு உள்பக்கம் ஒட்டிருக்கேங்க. அதப் பாத்துத்தான் மருந்து கலக்கறேன். டாக்டர்தான் ஒட்டச் சொன்னாருங்க. உங்ககிட்ட சொல்ல வேணாம்னும் சொன்னாருங்க."

என்னை உள்ளே விடாத ஆஸ்பத்திரியில் என் கையெழுத்து வேலை பார்க்கிறது. நான் இங்கே ஒவ்வொரு முறை டெலிபோனை எடுக்கும்போதும், ஷூவுக்குள் கால்விரல்களை மடக்கிக்கொண்டு நிற்கிறேன்.